வீவ், வோவ், வோவன்

சிவமயம்

காஞ்சிபுரம்
14-11-1969

அன்புள்ள மகள் மங்கையர்க்கரசிக்கு அம்மா எழுதுவது. காமாட்சி அம்மன் தயவில் எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, டில்லிக் குளிர் உனக்கும் ஒத்துக்கொண்டு நல்லபடியாக ஆபீஸ் போய்வருகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே ஐப்பசி மழை விடவில்லை, தெருவில் தறிக்குப் பாவு நூல் விரிக்க முடியாமல் ஆளாளுக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், என் தறியில் பழைய பாவு மீதி இருப்பதால் வேலை ஓடுகிறது. தறிக்குழியில் ஈரம் ஏறி முழங்கால் கடுக்கிறது, தைலம் தேய்த்துக்கொள்கிறேன், அதற்காக நீ லீவு போட்டு வர வேண்டாம்.

போன கடிதத்தில் நடந்தது நடந்துவிட்டது விட்டுவிடும்மா, ராஜகோபால் மாமா நெசவாளர் சங்கத்துச் செக்ரட்டரி, அவரைப் பகைத்து என்ன ஆகப்போகிறது, கலாவதி வேறு ஏழு மாசம் என்று எழுதியிருந்தாய். கலாவதி உன்னோடு படித்த பெண், அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் அப்பன் ராஜகோபால் மேலும் அவள் புருஷன் அர்ஜுனன் மேலும்தான் என் வயிறு எரிகிறது. ஆடியில் பரிசுக்குப் புடவை பார்க்க டில்லி அதிகாரி வந்த அன்று மாம்பழக் கலர் புடவையை நான்தானே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றேன். உன் அப்பா போனபிறகு அவர் தறியில் உட்கார்ந்து நான் நெய்த முதல் கோயில் கரை. யார் நெய்தது என்று அதிகாரி கேட்டதற்கு ராஜகோபால் சிரித்துக்கொண்டே ‘அர்ஜுனன் வோவ் இட்’ என்றான். வீவ் என்றால் நெய்வது என்று சங்கத்து போர்டைப் பார்த்தே எனக்குத் தெரியும். வோவ் யாருக்குத் தெரியும்? மருமகனுக்கும் புடவை பிடித்துப்போயிற்று என்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதிகாரி என் முகத்தைப் பார்த்தார், நான் பல்லைக் காட்டிக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த ஆட்டலில்தான் நல்ல நெசவாளி என்று சர்ட்டிபிகேட் அர்ஜுனன் பேரில் வந்தது. அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டு உனக்கு எழுதி, ‘நெய்தான்’ என்று நீ பதில் போட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அர்ஜுனன் சங்கத்துக் கடையில் புடவை மடித்துக்கொடுக்கிறவன், போட்டோவுக்குத் தவிர அவன் தறிக்குழியில் கால் வைத்ததில்லை.

அதனால் உன் எட்டாங்கிளாஸ் இங்கிலீஷ் இலக்கணத்தைப் பரணிலிருந்து இறக்கினேன். நீ படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டப் பழகியது இப்போது உதவுகிறது. மூன்று மாசமாகத் தறிதான் எனக்குப் பள்ளிக்கூடம். குறுக்கு நூலோடு நாடா அந்தப் பக்கம் போகும்போது வீவ், இந்தப் பக்கம் வரும்போது வோவ், நூலை நெருக்க அச்சை இழுத்து அடிக்கும்போது வோவன். ஸ்டீல் ஸ்டோல் ஸ்டோலன் என்கிறபோது அச்சு இன்னும் நன்றாக விழுகிறது, கரை கெட்டியாக வருகிறது என்று பக்கத்துத் தறி ஜெயம்மாள் கூடச் சொன்னாள். கட் என்றால் எப்போதும் கட், புட் என்றால் எப்போதும் புட், வெட்டினானா வெட்டுகிறானா என்று எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ. பொய் சொல்வதற்கு லை என்று இருந்தது, பட்டியலில் லை லே லெய்ன் என்று பார்த்து ராஜகோபால் லே, ராஜகோபால் லே என்று பத்து நாள் மனப்பாடம் செய்தேன். அடுத்த பக்கம் புரட்டினால் அது படுத்துக்கொள்கிற லையாம், பொய்க்கு லைட் என்று வருமாம். பத்து நாளும் அந்தப் பாவியைப் படுத்தான் படுத்தான் என்று சும்மா திட்டியிருக்கிறேன். தமிழில் இதற்கு இறந்தகாலம் என்று பேர் வைத்திருக்கிறார்கள், எனக்கு ஒன்றும் இறக்கவில்லை. முன்னே நடந்து இன்னும் தீராமல் இருப்பதற்கு ஹாஸ் போட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது, எனக்கு அந்தப் பாடம் ஒரே நாளில் வந்துவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை ராஜகோபால் வீடு தேடி வந்தான். தை மாசம் டில்லிப் பொருட்காட்சியில் அர்ஜுனனே எல்லார் முன்னாலும் உட்கார்ந்து அதே கரையை நெய்து காட்ட வேண்டும் என்று கடிதம் வந்திருக்கிறதாம். முகத்தில் ஈயாடவில்லை. நான் உதவிக்காரி என்று கூடப் போய்த் தறியில் உட்கார வேண்டுமாம், அர்ஜுனன் பக்கத்தில் நிற்பானாம். டைப் அடித்த காகிதத்தை நீட்டி, டில்லி வர எனக்குச் சம்மதம் என்று எழுதியிருக்கிறது என்றான். ‘ஒரு கையெழுத்துதாம்மா, ரயில்ல போயி உம் பொண்ணையும் பாத்துக்கினு வந்துடலாம்’ என்றான். நான் மெதுவாக எழுத்துக்கூட்டினேன். அர்ஜுனன் ஹாட் வோவன், ஐ ஹாட் ஹெல்ப்ட் என்று இருந்தது. ஹாட் போட்டால் எல்லாவற்றுக்கும் முன்னாலேயே நடந்து முடிந்தது என்று அர்த்தம். புடவை அவன் முன்னமே நெய்தது, நான் கூடமாட உதவினேன் என்று என் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறான். மூன்று வருஷமாக உன் முகம் பார்க்காதவளிடம் உன்னையே காட்டிக் கேட்டான் மங்கை, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வைத்துவிட்டுப் போங்கள் என்று அனுப்பினேன். மறுநாள் கேட்டதற்குக் காகிதம் மழையில் நனைந்துவிட்டது என்றேன், வேறு அடித்துக்கொண்டு வரப் போயிருக்கிறான்.

அந்தக் காகிதத்தைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். அவன் வரிக்குக் கீழே ஐ வோவ் திஸ் சாரி, அர்ஜுனன் டிட் நாட் வீவ், ராஜகோபால் லைட் என்று எழுதித் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். டிட் வந்தால் வோவ் மறுபடி வீவ் ஆகிவிடும் என்று புத்தகம் சொல்கிறது, சரிதானா பார். தப்பு இங்கிலீஷ் என்றால் சிரித்து மூடி வைத்துவிடுவார்கள். அந்த அதிகாரியின் விலாசம் தேடி நீயே சேர்க்க வேண்டும். ராஜகோபாலுக்குச் செக்ரட்டரி வேலை போனால் போகட்டும், பொருட்காட்சிக்கு என்னைக் கூப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, உதவிக்காரியாக வந்து உன்னைப் பார்க்க மாட்டேன். உனக்குக் கலாவதி ஞாபகம் வரும், தெரியும். காலத்தில் தப்பிருந்தால் திருத்து, கருத்தில் கை வைக்காதே.

வேளைக்குச் சாப்பிடு, கம்பளி இல்லாமல் வெளியே போகாதே. ஏகாம்பரநாதர் உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டார். பதில் எழுதும்போது ஐ வில் போஸ்ட் என்று எழுதி என்னை ஏமாற்றாதே. ஐ போஸ்டட் என்று எழுது.

உன் அம்மா,
காமாட்சியம்மாள்