முனியாண்டி வழக்கும் முன்வாசல் தொட்டியும்

மார்ச் 3

பக்கத்து வீட்டு முனியாண்டி பேப்பரில் வந்துவிட்டான். செம்பனைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன், அரைப் பக்கத்துக்குப் பல்லைக் காட்டுகிறான்! கொல்லையில் அவன் குளிப்பதைப் பின்வீட்டுக்காரரின் கேமரா பார்த்துக்கொண்டிருந்ததாம். வழக்குப் போட்டான், வென்றான், கேமரா இறங்கியது. வாதாடியது யார்? என் சொந்த அக்காள் மகள் ரோகினி! என் வயிற்றில் எரிகிற தீயில் எங்கள் ரந்தாவ் ஊர் முழுவதற்கும் சோறு வடிக்கலாம்.

மார்ச் 9

கோப்பிக்கடையில் எல்லார் வாயிலும் ‘முனியாண்டி கேஸ்’. ரோகினி வேறு எண்ணெய் ஊற்றினாள். “எங்களுக்கு முன்னாடி ஒருத்தர் ஜெயிச்சிருந்தாரு மாமா, அதக் காட்டித்தான் ஜெயிச்சோம். இனிமே இந்த மாதிரி வந்தா, முனியாண்டி அங்கிள் கேஸயும் எடுத்துக் காட்டுவாங்க.”

ஆக, நீதிபதிகள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அவன் பெயரை வாசிப்பார்கள். சூரிய சந்திரர் உள்ளவரை! புனிதன் என்ற இந்த மாமன்னனின் பெயர் எங்கே இருக்கிறது? மின்சார பில்லில்.

மார்ச் 15

ரோட்டுக்கு எதிரே உள்ள பட்டறையின் கேமரா என் வீட்டைத்தான் பார்க்கிறது! ரோகினிக்குப் போன் போட்டேன்.

“அதுல உங்க கேட்டும் ரோடும்தானே தெரியுது? அங்கிள் குளிக்கிற எடமே தெரிஞ்சுச்சு. ரெண்டும் ஒத்து வந்தாத்தான் அந்தத் தீர்ப்பு உதவும்லா.”

ஒத்து வர வேண்டுமா? வரவைக்கிறேன்.

மார்ச் 22

கொல்லைக் குழாயை அடைத்தேன். பழுது என்று என் மனைவி நீலாவதியிடம் சொன்னேன். தொட்டியை முன்வாசலுக்குத் தள்ளி, ரோட்டுப் பக்கம் ஒரு தகரம் நிறுத்தினேன். கேமரா தகரத்துக்கு மேலே கழுத்தை நீட்டி நிற்கிறது. பட்டாபிஷேகம் போல் குளித்தேன்.

“வீட்டுக்கு முன்னாடியா குளிக்கிறது?” என்றாள். சட்டம் தெரியாதவள்.

ஏப்ரல் 2

இப்போது ஒத்து வருகிறது. ரோகினியைக் கூப்பிட வேண்டும்.

ஏப்ரல் 4

பட்டறைப் பையன்கள் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் திருமேனியைத்தான் என்று நெஞ்சை நிமிர்த்திப் போனேன். திரையில் நீலாவதி. மார்புக்கு மேல் கட்டிய கைலி, ஈரத் தலை—

அவ எங்க போயிக் குளிப்பா? கொல்லக் கொழாய அடச்சது யாரு? நாந்தானே. இது ஏன் எனக்குத் தோணல? எப்படித் தோணாமப் போச்சு?

ஏப்ரல் 5

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “ஒங்களுக்குப் பேரு வாங்க என் மானந்தான் கெடச்சுதா?” என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 11

ரோகினி பட்டறைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதினாள். முனியாண்டி தீர்ப்பையும் சேர்த்து அனுப்பினாள். அவர் படித்துவிட்டுக் கேமராவை இறக்கினார், ரோகினி கண்ணெதிரே பதிவை அழித்தார், வீட்டுக்கே வந்து நீலாவதியிடம் மன்னிப்புக் கேட்டார். கோர்ட்டு வாசலை யாரும் மிதிக்கவில்லை. முனியாண்டியின் பெயருக்கு இவ்வளவு சக்தியா? வயிறு மறுபடி எரிந்தது. வெட்கமில்லாத வயிறு.

“கேஸ் போட்டாலும் ஜெயிக்கலாம் மாமா. அங்கிள் கேஸ விட ஸ்ட்ராங்கு. தொட்டிய நீங்க மாத்துனதக் கேப்பாங்க, ஆனா அத்தை மேல தப்பு இல்லையே.”

ஒரு கணம்— ஒரே கணம்— அரைப் பக்கப் புகைப்படம் என் கண் முன்னால் வந்து நின்றது.

நீலாவதி ரோகினியிடம்தான் பேசினாள். “பேப்பர்ல என் பேரு வந்தா, பாக்காதவனும் கேட்டுத் தெரிஞ்சுக்குவான். வேணாம்மா.”

“வேணாம்மா” என்று நானும் சொன்னேன். என் வாழ்நாளில் இவ்வளவு சின்ன உரையை நான் ஆற்றியதே இல்லை.

ஏப்ரல் 13

தொட்டியைத் தனியாகக் கொல்லைக்கு நகர்த்தப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முனியாண்டி வந்தான். “தள்ளுண்ணே, இடுப்பு போயிரும்.” முக்கால் பாரம் அவன் தோளில். இதிலும் முந்திவிட்டான், படுபாவி. கோப்பி குடித்துவிட்டுப் போடா என்றேன்.

குழாயில் அடைத்த துணியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து நீலாவதியின் குரல் வந்தது.

“தண்ணி வருதான்னு பாருங்க.”

“வருது, வருது” என்றேன். இன்னும் திறக்கவே இல்லை.