மொதல்ல நீங்க படுங்க

ஈயம் பற்றவைத்துப் பற்றவைத்து நம் சாப்பாட்டு மேசையைப் பொசுக்கிய என் அன்பருக்கு,

வேலை செய்கிறது! லுணுகலைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், குழந்தைகள் தூங்கும் பாயில் வைத்து, உங்கள் கையடக்க ஸ்கேன் கருவியைப் போனில் செருகினேன். பெரிய மெஷினில் ஒலியலை எழுப்பும் படிகங்கள் செய்யும் வேலையை நம் ஒற்றைச் சிப் செய்துவிட்டது. என் நிரல் இரைச்சலைத் துடைத்ததும் படம் கண்ணாடி மாதிரி வந்தது. இனி இந்தத் தோட்டத்துக் கர்ப்பிணிகள் ஸ்கேனுக்காகப் பதுளைக்குப் பஸ் ஏற வேண்டாம்!

இங்கே சிக்னல் இல்லை. லொறிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் ஒருத்தியும் படுக்கவில்லை. நிறைமாதக்காரி துஷ்யந்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“மொதல்ல நீங்க படுங்க மிஸ். ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலன்னா நாங்க படுக்குறோம்.”

படுத்தேன். ஈரலைக் காட்டிவிட்டு எழுந்துவிடலாம் என்றிருந்தேன். அவள் விடவில்லை. “புள்ள இருக்குற எடத்துல வச்சுக் காட்டுங்க” என்று என் கையைப் பிடித்து அடிவயிற்றுக்கு இறக்கினாள்.

அன்று என் வயிற்றைப் பார்த்த அந்தப் பெரிய மெஷினின் திரையில் எதுவும் அசையாமல் இருந்ததைப் பற்றி நாம் பேசுவதில்லை. இப்போதும் வேண்டாம். இங்கே வரும் வழியில் பசறை வளைவுகளில் வந்த குமட்டலுக்கு நான் பஸ்காரரைத் திட்டித் தீர்த்திருந்தேன். பாவம், அந்த மனுஷன்.

துஷ்யந்திதான் முதலில் கத்தினாள். “மிஸ், துடிக்குது!”

நிரலில் பிழையோ என்று அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் துடித்தது.

படத்தைச் சேமிக்கப் போனபோது, நாம் எழுதிவைத்தபடியே தாயின் பெயரைக் கேட்டது.

என் பெயரை அடித்தேன்.

இப்படிக்கு,
வரிசையில் முதலாவதாகப் படுத்தவள்