கூட்டாமல் விட்ட எட்டு

இன்று மதியம் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது தைல வாடை முகத்தில் அடித்தது. நீ கைக்குட்டையில் முடிந்து இடுப்பில் செருகி வைத்திருப்பாயே, அதே பச்சைத் தைலம். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்விட்டு வந்த அறிவியல் டீச்சர் மேசையில் தலை சாய்த்துப் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் பதறி எழுந்தார். உட்காருங்கள் என்றுகூடச் சொல்லாமல் திரும்பினேன். என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது இதைக் கேட்க மறுத்தாய். இப்போது மறுக்க உன்னால் முடியாது என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நான் எப்போதும் அப்படித்தானே.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தாள் திருத்த எத்தனை சித்திரை வெயிலில் ஒன்றாகப் போயிருப்போம். சின்னாளப்பட்டி பஸ்ஸில் வந்து நீ இறங்கும்வரை பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பேன். முகாமில் நமக்குக் கிடைப்பது பெயர் கிழிக்கப்பட்டு வேறொரு எண் போட்ட தாள்கள். எந்த ஊர்ப் பிள்ளை, ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. சூத்திரத்துக்கு இவ்வளவு, எண்களைப் பொருத்தியதற்கு இவ்வளவு, விடைக்கு இவ்வளவு என்று படிப்படியாகப் பிரித்து விடைக்குறிப்பு கொடுத்திருப்பார்கள். நாங்கள் பெரும்பாலும் விடையைத்தான் பார்ப்போம். நீயோ பிள்ளைகள் அடித்துவிட்ட வரிகளைக்கூட விரல் வைத்துப் படிப்பாய். "எங்கயாச்சும் ஒரு மார்க்கு ஒளிஞ்சிருக்கும்டி" என்பாய். இரக்கப்பட்டு அரை மார்க்கும் நீ அதிகமாகப் போட்டதில்லை. பிள்ளை சம்பாதித்து வைத்திருப்பதைத் தேடி எடுத்துக் கொடுப்பாய். முடித்ததும் கடைசிப் பக்கத்திலிருந்து திரும்பி வந்து, உதடு அசைய இன்னொரு தடவை கூட்டுவாய்.

அந்த வருஷம் என்னை முதன்மைத் தேர்வாளராகப் போட்டார்கள். உன்னைத்தான் முதலில் கேட்டார்கள். கையெழுத்துப் போடும் வேலை வேண்டாம், தாள் திருத்துகிறேன் என்று நீ ஒதுங்கிக்கொண்டாய். என் மேசையில் நீயும் இன்னும் ஆறு பேரும். நீங்கள் திருத்தியதில் சிலவற்றை நான் சரிபார்க்க வேண்டும். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்பதால், அதற்குச் சற்றுக் கீழே நிற்கும் தாள்களை ஒன்று விடாமல் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்து முன்பக்கத்தில் கையெழுத்திட வேண்டும். அதுதான் என் வேலை.

அந்த மதியம் உனக்கும் நினைவிருந்திருக்கும். கரண்ட் போய்விட்டது. முகாம் அலுவலர் எந்த மேசை எத்தனை கட்டு முடித்தது என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனார். என் மேசை கடைசியில் நின்றது. உன்னால்தான். நான் எழுந்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்:

"இந்த டீச்சர் கூட்டி முடிக்கிறதுக்குள்ள புள்ளைகளுக்குக் கல்யாணமே முடிஞ்சிரும் போல."

பக்கத்து மேசைகளும் சேர்ந்து சிரித்தன. இருபது வருஷச் சிநேகிதியை அந்தச் சிரிப்புக்காக நான் விற்றேன். நீ நிமிர்ந்து பார்க்கவில்லை. தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்துக்கொண்டாய். அதற்குப் பிறகு உன் உதடு அசையவில்லை. ஒரு மணி நேரத்தில் கட்டை முடித்து என் முன்னால் வைத்தாய். பார்த்தாயா, மனசு வைத்தால் முடியும் என்று வேறு சொன்னேன். பாஸுக்குச் சற்றுக் கீழே அதில் நான்கு தாள்கள் இருந்தன. ஒன்றையும் புரட்டாமல் நான்கிலும் கையெழுத்திட்டேன். கரும்பலகையில் என் மேசை இரண்டாமிடத்துக்கு ஏறியது.

நான்கில் ஒன்று இருபத்தொன்பது மார்க் போட்ட தாள். அதன் கடைசியில் ஒரு வரைபடக் கணக்கு. அதற்கு நீ சிவப்பு மையில் எட்டு போட்டிருந்தாய். அந்த எட்டு, மொத்தம் கூட்டும் முன்பக்கத்துக்கு வரவில்லை.

வேடசந்தூர்ப் பக்கத்துப் பெண் அவள். பெயர் பாண்டீஸ்வரி. அப்பாவும் அம்மாவும் மில் வேலை. கணக்கில் ஃபெயில் என்றதும் வகுப்பாசிரியை வீட்டுக்கே போய், மறுகூட்டலுக்குப் போட்டிருக்கிறேன், அது வராவிட்டாலும் துணைத் தேர்வு இருக்கிறது, பொறுங்கள் என்று கெஞ்சினாராம். அப்பா கேட்கவில்லை. தாய்மாமன் ஒருவன் காத்திருந்தான். வைகாசியிலேயே, கூட்டம் சேர்க்காமல், ஒரு கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிட்டார்கள். அவளுக்குப் பதினைந்து முடிந்து நாலு மாதம். மறுகூட்டலில் முப்பத்தேழு என்று வந்தபோது அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு நிறம் மங்கியிருந்தது.

நான் அன்று சொன்ன வேடிக்கையை நீ ஒருநாளும் எனக்கு நினைவுபடுத்தியதில்லை.

விசாரணைக்கு இருவரையும் அழைத்தார்கள். அதிகாரி அந்தத் தாளை மேசைமேல் வைத்து, என் கையெழுத்து இருந்த முன்பக்கத்தை மட்டும் என் பக்கம் திருப்பினார். புரட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டார். பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம் வர இருந்தது. உன் பெயர் என் பெயருக்கு ஒரு படி மேலே. இதையெல்லாம் யோசித்துத்தான் சொன்னேனா என்று இத்தனை வருஷமாக என்னையே கேட்டுப் பார்க்கிறேன். ஆமாம், யோசித்துத்தான் சொன்னேன்.

"பார்த்தேன் சார். வரைபட மார்க் முன்பக்கத்துல ஏறலன்னு டீச்சர்கிட்ட சொன்னேன். ஏத்திர்றேன்னாங்க. அவங்கள நம்பிக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் உன் பக்கம் திரும்பி, அப்படியா என்றார். நீ என்னைப் பார்த்தாய். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்த யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தாய்.

"ஆமா சார்" என்றாய்.

எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. உனக்கு ஊதிய உயர்வை நிறுத்தினார்கள், பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். நம் பள்ளியிலேயே தலைமையாசிரியர் இடம் காலியானது. நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பொறுப்பேற்ற அன்று நீ வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து வைத்து, "சைன் பண்ணிருங்க மேடம்" என்றாய். அதுவரை நான் உனக்கு வெறும் சகாயம். அதன்பின் சாகும்வரை மேடம்தான், ஒரே ஒரு நாளைத் தவிர.

நான் உன்னிடம் கனிவாக நடந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு ஒரு நியாயமாவது இருந்திருக்கும். உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிந்தது. படிப்பு ஏறாத பிரிவுகளாகப் பார்த்து உனக்கு ஒதுக்கினேன். சின்னாளப்பட்டி பஸ் பத்து நிமிஷம் தாமதித்த நாளில் உன் பெயருக்கு நேரே தாமதம் என்று எழுதினேன். புதிதாக வந்த டீச்சர்களிடம், மார்க் கூட்டும்போது கவனம், நம் பள்ளியிலேயே ஒருவர் மெமோ வாங்கியிருக்கிறார் என்று கூட்டம் போட்டுச் சொன்னேன். நீ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நான் சொல்வதை நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாய். ஆறு வருஷம் இப்படி. உன் பிரிவில் ஃபெயிலானவர்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்தார்கள். அதற்கு வந்த பாராட்டைப் பள்ளியின் பெயரில் நான் வாங்கிக்கொண்டேன்.

பிறகு உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மதுரையில் ஆஸ்பத்திரி. கடைசியில் மருந்தை நிறுத்திவிட்டார்கள் என்று உன் வீட்டுக்காரர் போன் செய்த மறுநாள் காலை நான் வந்தேன். தேவாலயத்தில் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது சாமியாரிடம் இரண்டு முறை சொல்லியும் இறங்காததை உன்னிடம் இறக்கிவிடலாம் என்று நினைத்தேன். உன் வீட்டுக்காரர் காப்பி வாங்கப் போனார். அந்த முகாம் விஷயம் என்று ஆரம்பித்தேன். நீ கண்ணைத் திறந்தாய்.

"அதச் சொல்லவா வந்த? அப்பப் போயிருடி சகாயம். ஒன் பாரத்த எறக்கி வைக்க என் கட்டிலுதான் கெடச்சுச்சா?"

நான் அழுதேன். அழுகை முடியும்வரை நீ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாய்.

"அன்னைக்கு ஆமான்னு சொன்னது ஒனக்காக இல்ல. கூட்டாம விட்டது நான். நீ பொய் சொன்னதால என் தப்பு இல்லாமப் போயிருமா? ஒன் பொய்ய நீதான் வச்சுக்கணும். சொல்லித்தான் ஆகணும்னா அந்தப் புள்ளகிட்டப் போயிச் சொல்லு."

உன் கையைப் பிடிக்க வந்தேன். நீ அதைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாய். ஒன்பது நாளில் செய்தி வந்தது. பள்ளிக்கு அரைநாள் விடுமுறை விட்டேன். இரங்கல் கூட்டத்தில் உன்னைப் பற்றி நான்தான் பேசினேன். நன்றாகப் பேசியதாகச் சொன்னார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வேடசந்தூர் பஸ் ஏறினேன். ஊர்ப் பெயர் விசாரணைத் தாளிலேயே இருந்தது. விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பாண்டீஸ்வரி மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்து துணி துவைத்துக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயது. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. இரண்டு பிள்ளைகள். புருஷன் வேறு ஒருத்தியோடு திருப்பூர் போய்விட்டான் என்று பக்கத்து வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். நான் யாரென்று தெரியாமலே நாற்காலி போட்டாள். நீ இருந்த பள்ளியில் வேலை பார்ப்பவள் என்று சொன்னேன்.

நீ வருஷா வருஷம் அங்கே போய்வந்தது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பன்னிரண்டாவதைத் தனியாக எழுத உட்கார வைத்தாயாம். புருஷன் புத்தகத்தை அடுப்பில் போட்டானாம். அடுத்த வருஷம் நீ வேறு புத்தகம் கொண்டுபோனாயாம். இந்த வருஷம்தான் டீச்சரம்மாவைக் காணோம் என்றாள். நீ இறந்ததைச் சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மொத தடவ வந்தப்பவே நாந்தான் ஒன் மார்க்க விட்டுட்டேன்னு சொல்லி அழுதாங்க. எனக்கு அம்புட்டு ஆத்திரம். வெளிய போங்கன்னு கத்திட்டேன். திரும்பத் திரும்ப வந்தாங்க. போன தடவதான், மனசுல ஒண்ணும் இல்ல டீச்சர், விட்ருங்கன்னு சொன்னேன். வேற யாராச்சும் அப்படி வந்து சொல்லுவாங்களா?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாசலில் யாரும் இல்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கேட்டாள்.

"அந்த வரைபடம் ஒரு புள்ளி மாறாமப் போட்டிருந்தேனாம். எட்டுக்கு எட்டு. நெசமா, எனக்காகச் சொன்னாங்களான்னு தெரியல. நீங்களும் அங்க திருத்துனீங்களா டீச்சர்? அதப் பாத்தீங்களா?"

"பார்த்தேன்மா" என்றேன்.

இதே பொய்யை அதிகாரியிடம் சொன்னபோது, அதை உறுதிப்படுத்த நீ பக்கத்தில் இருந்தாய். இந்தத் தடவை யாரும் தேவைப்படவில்லை. அவள் முகம் மலர்ந்தது. சின்னவனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அம்மா பாஸுடா என்றாள்.