கஞ்சிக் கொட்டாய்க்குக் கும்பினி அரிசி

கடலுக்கு அப்பால் பத்தாவியில் ஒல்லாந்தர் கும்பினிக் கப்பலில் வேலை பார்க்கும் என் மகன் சடையனுக்கு, பழவேற்காட்டிலிருந்து உன் அம்மா பவுனம்மாள் சொல்லச் சொல்ல வாத்தியார் ஞானதாஸ் எழுதுவது. ஆங்கிரச வருஷம், தை மாதம். இங்கே நாங்கள் எல்லோரும் உயிரோடும் தைரியத்தோடும் இருக்கிறோம். நீயும் காய்ச்சல் அண்டாமல், வேளைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் எல்லையம்மனிடம் உன் பேரைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் நைனாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயிலாவது கேட்டு நீ பதறக்கூடாது. புரட்டாசிக் கடைசியில் காற்று திரும்புகிற சமயம், கப்பலிலிருந்து செம்புக் கட்டி இறக்கப் போன படகு முகத்துவாரத்து அலையில் கவிழ்ந்துவிட்டது. கூடப் போனவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள், நைனாவின் வலது கால்மேல் படகு விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கிப்போனது. கட்டிலில் போட்டுக் கஞ்சிக் கொட்டாய்க்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நீ சிறுவனாக இருந்த பஞ்ச காலத்தில் கும்பினிக்காரர் கோட்டைக்கு வெளியே போட்டுக் கொடுத்தார்களே, அந்தத் தர்ம வைத்தியசாலைதான். வைத்தியர் கண்ணப்பன் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக் காலைக் காப்பாற்றிவிட்டார், ஆனால் அது இனி மடங்காது. படகேற முடியாது என்று அவர் சொன்னபோது உன் நைனா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. பிறகு தானாகவே எழுந்து உட்கார்ந்து குழம்பில் உப்பு போதவில்லை என்று என்னைத் திட்டினார், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. அவருக்குத் துணையாகப் போன நான் அங்கேயே அடுப்படியைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன். ஏரியில் கையால் இறால் தடவும்போது கெளுத்தி முள் குத்திக் கை வீங்கிப்போன காட்டுப்பள்ளிப் பெண், சுண்ணாம்புக்குளத்திலிருந்து வந்த கண் தெரியாத கிழவர், இருமல் பிடித்த நெசவுக்காரர் ராஜவேலு, இப்படி எப்போதும் ஆள் நிறைந்த இடம் அது.

கும்பினியின் தலைமை நாகப்பட்டினத்துக்குப் போனது உனக்குத் தெரியும். அதற்கப்புறம் இங்கே எல்லாவற்றிலும் சிக்கனம். கார்த்திகை மாதம், துரை பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷ் மாணிக்கம் வந்து, "இனிமே கோட்டையிலேர்ந்து அரிசி வராதும்மா, வைத்தியச் செலவு சிப்பாய்ங்களுக்கு மட்டும்தான்னு புதுத் துரை சொல்லிட்டாரு" என்றார். "சரக்கு எறக்குறவனுக்குக் கால் ஒடஞ்சா அவன இன்னா பண்றது, ஏரியில போட்டுடலாமா?"னு கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு போனார். கொஞ்ச நாள் நாங்கள் ஆளுக்கு ஒரு கை அரிசி சேர்த்துப் பொங்கினோம், கஞ்சி தண்ணீராகிக்கொண்டே வந்தது. தனக்குக் கொடுக்கிறதைக் கெளுத்தி குத்திய பெண்ணுக்கு ஊற்றும்படி சொல்லிவிட்டு ராஜவேலு ஒருநாள் தம் ஊருக்குப் போவதாகக் கிளம்பினார், நாங்களும் தடுக்கவில்லை. பொன்னேரிப் பாதையில் ஒரு புளியமரத்தடியில் செத்துக்கிடந்தார் என்று வண்டிக்காரர்கள் வந்து சொன்னார்கள். அன்றைக்கு நான் அழவில்லை சடையா, எனக்குக் கோபம்தான் வந்தது. இவர்கள் கப்பலில் ஏற்றுகிற துணியை நெய்தவன், இவர்கள் கோட்டை வாசலைத் தாண்டிப் பசியோடு போயிருக்கிறான்.

காசியம்மாளைத் தெரியுமே, படகுக்காரர்களின் வீட்டுப் பெண்களெல்லாம் அவள் பேச்சைக் கேட்பார்கள். அவளும் நானும் வீடு வீடாகப் போய், அரிசி வரும்வரை கப்பலுக்குப் படகு இறக்கக்கூடாது என்று பேசினோம். தை பிறந்ததும் நாகப்பட்டினத்துக் கப்பல் வந்து வெளியே நங்கூரம் போட்டது. அதில் பெரிய அதிகாரி ஒருவரும் வந்திருந்தார். அன்று காலை எந்தப் படகும் தண்ணீரில் இறங்கவில்லை. ஆண்கள் துடுப்பை மணலில் குத்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள், பெண்கள் நாங்கள் நோயாளிகளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்க் கோட்டை வாசலில் வரிசையாக இறக்கினோம். உன் நைனா, "என்னத்தான் மொதல்ல தூக்கணும், செம்பு எறக்குன கால அவங்க கண்ணால பாக்கட்டும்"னு சொன்னார். துப்பாக்கியோடு சிப்பாய்கள் வந்து நின்றார்கள். எனக்குப் பயம்தான், பொய் சொல்லமாட்டேன், ஆனால் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோட்டைத் துரை வெளியே வந்து கத்தினார். மாணிக்கம் அதைத் தமிழில் சொல்லும்போது பாதிக் கோபத்தை விழுங்கிவிட்டுத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். நான் சொன்னது இதுதான்: "பஞ்சத்துல நீங்க குடுத்த கஞ்சிய நாங்க மறக்கல. இந்தத் துறையில வர்ற ஒவ்வொரு மூட்டையும் எங்க தோள் மேலதான் வருது. அந்தத் தோளு சாயும்போது தாங்க ஒரு எடம் வேணும். அரிசி வந்தா படகு வரும்."

வெயில் ஏறிக்கொண்டே போனது. கப்பலிலிருந்து சமிக்ஞைக்குப் பீரங்கி வெடித்தும் ஒருவரும் எழவில்லை. கடைசியில் துரை ஒரு கட்டுமரத்தைக் கெஞ்சி வாங்கிக் கப்பலுக்கு ஆள் அனுப்பினார், பொழுது சாய்கிற வேளையில் அந்தப் பெரிய அதிகாரியின் உத்தரவு வந்தது. கும்பினி வேலையில் அடிபட்டவர்களுக்கு மட்டும் அரிசி தருவார்களாம். நம் ஆட்களில் பலருக்கு அதுவே சந்தோஷம், "நமக்குக் கெடச்சிடுச்சே, போதும்மே"னு சொன்னார்கள். காட்டுப்பள்ளிப் பெண் தன் வீங்கிய கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபிறகு எப்படிப் போதும் என்று சொல்வது? சண்டை போடாமல் அரிசியை வாங்கிக்கொண்டேன். மறுநாள் காசியம்மாள் ஒவ்வொரு படகும் வலையில் விழுவதில் ஒரு பங்கு கொட்டாய்க்குத் தரவேண்டும் என்று பஞ்சாயத்தில் நின்று கேட்டு வாங்கினாள். பொன்னேரிப் பக்கத்து விவசாயி செங்கல்வராயன் நெல் அனுப்ப ஒத்துக்கொண்டார், அவர் மனைவிக்குப் பிரசவத்தில் வைத்தியம் பார்த்தது இந்தக் கொட்டாய்தான். எல்லாவற்றையும் ஒரே பானையில்தான் போடுகிறேன்.

போன வாரம் துரையே மாணிக்கத்தோடு வந்து பானைக்குள் எட்டிப்பார்த்து, இதில் கும்பினி அரிசி எது, அது யாருக்குப் போகிறது என்று கேட்டார். அகப்பையை அவர் கையில் கொடுத்து, "எல்லாம் வெந்துபோச்சி தொரை, பிரிக்க முடிஞ்சா நீங்களே பிரிச்சி ஊத்துங்க"னு சொன்னேன். கண் தெரியாத கிழவர் அவர் பக்கம் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தார். துரை ஊற்றவும் இல்லை, தடுக்கவும் இல்லை, அகப்பையை வைத்துவிட்டுப் போனார். இந்த வாரமும் அரிசி வந்தது. இது நிரந்தரம் என்று நான் நம்பவில்லை. எல்லோருக்கும் சேர்த்து வருஷா வருஷம் தரச்சொல்லி நாகப்பட்டினத்துக்கு மனு போகிறது, ஞானதாஸ்தான் எழுதியிருக்கிறார். கிடைக்காவிட்டால் அடுத்த கப்பல் வரும்போது மறுபடியும் கட்டிலைத் தூக்குவோம்.

நீ இதைக் கேட்டு வேலையை விட்டுவிட்டு ஓடிவராதே, தவணை முடித்து மரியாதையோடு வா. நைனா கொட்டாயில் உட்கார்ந்து வைத்தியருக்கு மருந்து இடித்துக் கொடுக்கிறார், தப்பாக இடித்தால் கண்ணப்பனையே குறை சொல்கிறார். உன் தங்கை ரங்கம்மாளுக்கு இது ஐந்தாம் மாதம், மசக்கை தெளிந்துவிட்டது. அந்த ஊர்ச் சாராயத்தைத் தொடாதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி, வாரம் ஒருநாள் தலைக்கு எண்ணெய் வை.

எல்லையம்மன் உன்னை அலையிலும் கரையிலும் காக்கட்டும், நீ நூறு வயது நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அங்கே துறையில் எவனாவது அடிபட்டுக் கிடந்தால், எந்த ஊர், என்ன ஜாதி, யாருடைய ஆள் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு நிற்காதே, முதலில் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடு.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அம்மா
பவுனம்மாள்
(கைநாட்டு)