‘நலம்’ தாண்டாத பேனா

என் வீட்டு டீச்சரம்மாவுக்கு வணக்கம். உனக்கு முழங்கால் வலி என்று அம்மா எழுதியிருந்தாள், தேவலையா? அம்மாவுக்கு இருமல் நின்றதா?

ஐந்து வாரமாகக் கடிதம் இல்லையே, கோபமோ என்று நினைத்திருப்பாய். இல்லை. கம்பெனிக்கு அறுபது பக்க ஆண்டறிக்கை எழுதியவனுக்கு உனக்கு எழுத ஒரு வரிக்கு மேல் வரவில்லை. ‘நான் நலம்’ என்று எழுதியதும் பேனா சண்டி மாடாகப் படுத்துக்கொண்டது.

நேற்று அறைத்தோழர் எலக்ட்ரீஷியன் நான் கசக்கிப் போட்ட தாள்களைப் பிரித்துப் பார்த்தார்.

“என்ன சார், எல்லாத்துலயும் நலமாவே இருக்கீங்க?”

“அதுக்கு மேல வரமாட்டேங்குதுய்யா.”

“எப்படி வரும்? ஒரு மாசமா விட்டு விட்டு காய்ச்சல்ல புலம்பினீங்க. லைன் கட்டானா எத்தனை பல்பு மாத்தினாலும் எரியாது. மொதல் வரி பொய்யி சார், அத அடிங்க.”

இலக்கணம் கரைத்துக் குடித்தவன் நான். ஒரே பார்வையில் பழுதைக் கண்டுபிடித்த அந்த மகான் பல் துலக்கப் போய்விட்டார்.

அடித்துவிட்டேன். காய்ச்சல் விட்டுவிட்டது, பயப்படாதே. ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்க ஆளில்லாததுதான் விடவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு டாக்டர் எழுதிய என் பழைய சீட்டை அனுப்பு.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. இதை எழுதுமுன் உன் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். நான் இங்கே வேலைக்கு வந்த இந்த நான்கு வருஷமாக நீயும் நலமாகவே இருக்கிறாய். இந்த முறை முதல் வரியை அடித்துவிட்டு எழுது.