சித்தி நடந்த நடுக்கோடு

அலைகளைக் கண்ணாடித் தொட்டிக்குள் அடைத்துவைத்து ஆராய்ந்து சம்பளம் வாங்கும் என் அருமை மகளுக்கு, சித்தப்பா எழுதுவது. நான் குண்டுக்கல்லாட்டம் இருக்கிறேன், நீயும் வயிற்றிலிருக்கும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும், மாப்பிள்ளை கொஞ்சம் மெலிந்தால் பரவாயில்லை.

சித்தியின் முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு அப்புறம் நீச்சல்குளத்தில் நடந்து பழகினால்தான் கைத்தடியை விடலாம், தடியை விட்டால்தான் உன் பிரசவத்துக்கு விமானம் ஏறலாம் என்று பிசியோதெரபி பெண் சொல்லிவிட்டாள் அல்லவா. முதல் நாள் வலப்பக்கம் நான், இடப்பக்கம் உன் மாமன், நடுவில் மகாராணியாகச் சித்தி. நாங்கள் இருவரும் உயரத்தில் குள்ளம், எடையில் நாலு யானை, தண்ணீரில் குதித்துக் குதித்துத்தான் நகர முடியும். மாமன் ஒண்ணு ரெண்டு என்று தாளம் சொல்லச் சொல்லச் சேர்ந்தே குதித்தோம். நாங்கள் கிளப்பிய அலைக்குப் பயந்து ஏழு கடலிலும் கப்பல்கள் நங்கூரம் போட்டிருக்கும். இரண்டு பக்கத்து அலையும் நடுவில் சேர்ந்து, இரண்டு மடங்காக எழும்பி, நேரே சித்தியின் மூக்குக்குள் போய்விட்டது. படியேறி உட்கார்ந்தவள், இனிமே நான் தண்ணில இறங்க மாட்டேன், நீங்களே போய்ப் பிள்ளையைப் பாத்துட்டு வாங்க என்று சொல்லித் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதைப் போனில் கேட்டு நீ வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, நீங்க ஏறும்போது மாமா இறங்கட்டும் சித்தப்பா, மேடும் பள்ளமும் நடுவுல சந்திச்சா தண்ணி மட்டமா நிக்கும் என்றாய். கட்டில்மேல் ஏறி நின்று ஒத்திகை பார்த்தோம், கட்டில் கால் ஒன்று வீரமரணம் அடைந்தது. சித்தியை உன் பேரைச் சொல்லிக் கெஞ்சித்தான் இறக்கினோம். நான் மேலே, மாமன் கீழே, மாமன் மேலே, நான் கீழே. நடுவில் தண்ணீர் அவள் தோளைத் தாண்டவில்லை, தொட்டில் மாதிரிப் பக்கவாட்டில் லேசாக ஆட்டியதோடு சரி. எதிர்ச்சுவர் வரைக்கும் நடந்து, அதைத் தொட்டுவிட்டுத் திரும்பி, ரெண்டு பேரும் குதிக்காம கரையில உக்காந்திருந்தா இவ்வளவும் தேவையா என்றாள். எங்கள் விஞ்ஞானத்துக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான். அன்றிலிருந்து தனியாகவே நடக்கிறாள், நாங்கள் கரையில் துண்டு பிடிக்கிறோம்.

ஈரத்தரையில் பார்த்து நட, வேளைக்குச் சாப்பிடு. தாயும் சேயும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். டிக்கெட் எடுத்தாயிற்று, சித்திக்கும் எனக்கும். கைத்தடி இனி வராது, அதைக் கட்டிலுக்கு முட்டுக் கொடுத்தாகிவிட்டது.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
வலப்பக்க அலைகளின் சக்கரவர்த்தி (ஓய்வு)