ஸ்டானிஸ்லாஸ் நம்பிய காய்ச்சல் ஊசி

அனுப்புநர்:
மு. குணசேகரன் (வயது 73),
ஓய்வு பெற்ற கிரேன் ஓட்டுநர்,
இராயபுரம், சென்னை.

பெறுநர்:
மண்டல நல அலுவலர் அவர்கள்,
சென்னை.

பொருள்: முதியோருக்கென வீரியம் கூட்டிய இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி கேட்டு மனு.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. என் மனைவி காலமாகிவிட்டார். மகள் ஓசூரில் இருக்கிறாள். அடுத்த அறையில் ஸ்டானிஸ்லாஸ் இருந்தார். எண்ணூரில் வெல்டராக வேலை பார்த்தவர், மணமாகாதவர். இருவருக்கும் ஒரே அடுப்பு. ஒரு நாள் அவர் சமைப்பார், மறுநாள் நான்.

2. சென்ற ஆண்டு மழைக்கு முன், ஒரு தொண்டு அமைப்பின் முகாமில் இருவரும் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டோம். கார்த்திகையில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். "ஊசிதான் போட்டுக்கினோமே, இன்னாத்துக்கு பேஜாராவுறே? சரியாப் பூடும்" என்றார். நானும் நம்பினேன். மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே ஆட்டோ பிடித்தேன். நிமோனியா என்றார்கள். வீடு திரும்பவில்லை.

3. வயதானவர் உடம்பில் சாதாரண ஊசி குறைவாகவே வேலை செய்யும், ஆனாலும் போடாமல் இருப்பதைவிடப் போடுவதே மேல் என்று ஆஸ்பத்திரி மருத்துவர் பொறுமையாக விளக்கினார். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் துணைப்பொருள் சேர்த்த ஊசியைச் சில நாடுகளில் முதியோருக்குப் போடுகிறார்களாம். முகாமில் இதை யாரும் எங்களிடம் சொல்லவில்லை.

4. உடலைக் கேட்டபோது, "நீங்க அவருக்கு இன்னா வேணும்?" என்றார் ஊழியர். தூத்துக்குடியிலிருந்து ஸ்டானிஸ்லாஸின் தம்பி மகன் வரும்வரை வராந்தாவில் நின்றிருந்தேன். இந்த மனு எழுத எனக்கு உரிமை உண்டா என்றும் தெரியவில்லை. எழுத வேறு ஆள் இல்லை.

5. சென்ற வாரம் எனக்கும் காய்ச்சல் அடித்தது. வா என்று கூப்பிட யாருமில்லை. நானே எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கி வந்தேன்.

எனவே, துணைப்பொருள் சேர்த்த ஊசி எங்கள் பகுதி முதியோருக்குக் கிடைக்க மேலிடத்துக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன். அதுவரை, ஊசி போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டும் என்று ஒவ்வொரு முகாமிலும் சொல்லச் செய்யுங்கள். எங்கள் தெருவில் தனியாக இருப்பவர்கள் பலர். முகாம் தேதியைத் தெரிவித்தால், கதவு கதவாகத் தட்டி அவர்களை நானே அழைத்து வருகிறேன்.

இடம்: இராயபுரம்
நாள்: 12.08.2025

இப்படிக்கு,
மு. குணசேகரன்